பெருநாள் ஒன்றுகூடல்: பண்டாரியின் சட்டியா, வீட்டுக்கு வீடு கூட்டாஞ்சோறா?



நோன்புப் பெருநாள் முடிந்து ஷவ்வால் மாதத்தில் நமது அறக்கட்டளை நடத்தும் குடும்ப ஒன்றுகூடலைப் பற்றி இந்த இதழில் கொஞ்சம் விரிவாக எழுத வேண்டியிருக்கிறது. அன்றைய விருந்தைப் பண்டாரியிடம் ஒப்படைப்பதா, வீட்டுக்கு ஒரு பதார்த்தமாகக் கொண்டுவந்து கூட்டாஞ்சோறாகச் சாப்பிடுவதா என்ற கேள்வி இந்த வருடமும் செயற்குழுவில் வந்தது. இரண்டு பக்கமும் நியாயம் பேசினார்கள். ஒன்றரை மணி நேரம் பேசியும் முடிவு எட்டவில்லை. இஷா தொழுகைக்கு நேரமாகிவிட்டதால் எழுந்தோம்.

சாப்பாட்டு விஷயத்துக்கு இவ்வளவு பேச்சா என்று சிலர் நினைக்கலாம். நாங்களும் முதலில் அப்படித்தான் நினைத்தோம். ஆனால் இரண்டு முறையையும் நாம் செய்து பார்த்துவிட்டோம். இரண்டிலும் சிலருக்கு மனம் நொந்தது. ஆகவே இதைச் செலவுக் கணக்காக மட்டும் பார்க்க முடியவில்லை. நிகாஹ், அகீகா, இஃப்தார், மதரஸா ஆண்டு விழா என்று நம் வீடுகளிலும் முஹல்லாவிலும் நடக்கும் எல்லா நிகழ்ச்சிக்கும் இது பொருந்தும் என்பதால் எங்கள் அனுபவத்தையும் தெரிந்துகொண்டவற்றையும் உங்கள் முன் வைக்கிறோம்.

முதல் முறை நடந்தது

முதலில் ஒரு கேட்டரிங் காரரிடம் இலைக்கு இவ்வளவு என்று பேசி ஒப்படைத்தோம். வேலை எங்களுக்கு மிகவும் இலேசாக இருந்தது. பிரியாணியும் ருசியாகவே இருந்தது. ஆனால் ஆண்கள் பந்தி முதலில், பெண்கள் பந்தி பிறகு என்று வழக்கம்போல் வைத்துவிட்டோம். ஆண்கள் பக்கம் கேட்டவர்க்கெல்லாம் இரண்டாம் தடவை கறி வைக்கப்பட்டது. பெண்கள் பக்கம் கடைசிப் பந்தி உட்கார்ந்தபோது சோறு இருந்தது, கறி இல்லை. தாளிச்சாவை ஊற்றிக்கொண்டு சாப்பிட்டுவிட்டு, ஒரு வார்த்தை சொல்லாமல் எழுந்து போனார்கள். அவர்களில் பலர் விதவைகள். அறக்கட்டளையின் மாத உதவித்தொகை வாங்குபவர்களும் இருந்தார்கள். யாருக்காக இந்த ஒன்றுகூடலை ஆரம்பித்தோமோ அவர்களுக்கே குறை வைத்துவிட்டோம்.

அதே நாளில் இன்னொன்றும் நடந்தது. கறி தீர்ந்த பிறகு அரைச் சட்டிக்கு மேல் சோறு மிஞ்சியது. அதை என்ன செய்வது என்று முன்கூட்டி யாரும் யோசிக்கவில்லை. ஒரு விடுதிக்குப் போன் செய்து, வண்டி பிடித்து, அனுப்பும்போது மாலை 5 மணி. சோறு கெட்ட வாடை அடிக்கிறது என்று அவர்கள் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

இரண்டாம் முறை நடந்தது

அடுத்த தடவை கூட்டாஞ்சோறு என்று முடிவு செய்தோம். நம் வீட்டுச் சாப்பாடு, செலவு குறைவு, எல்லாருக்கும் பங்கு, பாசம் கூடும் என்று காரணங்கள் சொன்னோம். எல்லாம் உண்மைதான். சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது வீட்டுக்கு வீடு அரிசி, பருப்பு வாங்கிக் கூட்டாஞ்சோறு ஆக்கி விளையாடியதை நினைத்துப் பெரியவர்களும் சந்தோஷப்பட்டார்கள்.

அன்று 30-க்கும் மேற்பட்ட வீடுகளிலிருந்து சாப்பாடு வந்தது. அதில் பாதி வீடுகள் நெய்ச்சோறும் கோழிக் குழம்பும். ஒரு வீட்டிலிருந்து முழு ஆட்டுக் கால் வறுவல் வந்தது. வட்டலப்பம் மூன்று வீட்டிலிருந்து பெரிய பெரிய தட்டில் வந்தது. மேசையில் வரிசையாக வைத்தபோது எந்தச் சட்டி எந்த வீட்டுடையது என்று எல்லாருக்கும் தெரிந்தது. "இது இன்னார் வீட்டுக் கறியா, கொஞ்சம் போடுங்கள்" என்று கேட்டு வாங்கினார்கள். ஓரத்தில் ஒரு சின்ன எவர்சில்வர் கிண்ணத்தில் ரவா கேசரி இருந்தது. கடைசிவரை யாரும் அதைத் தொடவில்லை.

அன்று வராத குடும்பங்களும் உண்டு. பிறகு உதவித்தொகை கொடுக்கப் போன இடத்தில் ஒரு சகோதரி நமது மகளிர் குழுப் பொறுப்பாளரிடம் சொன்னது இது: "எல்லாரும் கறி கொண்டாருவாங்க. நான் எதைத் தூக்கிக்கிட்டு வருவேன் ராத்தா? பிள்ளைங்க கேட்டுச்சு, காய்ச்சல்னு சொல்லிப் படுத்துக்கிட்டேன்."

அந்தச் சகோதரி யார் என்று தயவுசெய்து யாரும் விசாரிக்க வேண்டாம். அவர் ஒருவர் மட்டுமல்ல என்பது பிறகு எங்களுக்குத் தெரிய வந்தது. இந்தக் கட்டுரை எழுதக் காரணமே அந்த வார்த்தைதான்.

மார்க்கம் என்ன சொல்கிறது?

சேர்ந்து சாப்பிடுவதும் தனித்தனியாகச் சாப்பிடுவதும் இரண்டுமே குற்றமில்லை என்பது சூரத்துந் நூரின் 61-ஆம் வசனத்திலிருந்து விளங்குகிறது. ஆகவே கேட்டரிங் கூடுமா, கூட்டாஞ்சோறு கூடுமா என்ற கேள்விக்கு இடமில்லை. இரண்டும் ஆகுமானவை.

கூட்டாஞ்சோறுக்கு நம் மார்க்கத்தில் அழகான முன்மாதிரி உண்டு. பயணம் போகிறவர்கள் தங்கள் கட்டுச்சோற்றை ஒன்றாகச் சேர்த்துச் சாப்பிடும் வழக்கத்துக்கு அரபியில் 'நஹ்து' என்று பெயர். இமாம் புகாரி (ரஹ்) தமது ஸஹீஹில் கூட்டுச் சேருதல் பற்றிய பகுதியை ஆரம்பிக்கும்போதே இதற்கென்று ஒரு பாடம் வைத்திருக்கிறார்கள். ஒருவர் கூடுதலாகச் சாப்பிடுவார், ஒருவர் குறைவாகச் சாப்பிடுவார், ஆனாலும் அதில் தவறில்லை என்பதே அந்தப் பாடத்தின் கருத்து. அதே பாடத்தில் அஷ்அரீ குலத்தாரைப் பற்றிய நபிமொழியும் வருகிறது. உணவு குறைந்துவிட்டால் அவர்கள் தம்மிடம் உள்ளதையெல்லாம் ஒரே துணியில் கொட்டி, ஒரே பாத்திரத்தால் அளந்து சமமாகப் பங்கிட்டுக்கொள்வார்கள். அவர்களைத் தம்மைச் சேர்ந்தவர்கள் என்று நபி (ஸல்) அவர்கள் பாராட்டினார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. எல்லாவற்றையும் ஒரே துணியில் கொட்டிய பிறகு எது யாருடையது என்று தெரியாது. நாம் செய்த கூட்டாஞ்சோறில் ஒவ்வொரு சட்டியும் தன் சொந்தக்காரரின் பெயரோடு மேசையில் உட்கார்ந்திருந்தது.

இன்னொரு விஷயம் மனவிருப்பம். ஒருவர் மனம் ஒப்பிக் கொடுக்காத பொருள் பிறருக்கு ஆகாது என்பது நாம் அறிந்த சட்டம். வெட்கப்படுத்தி வாங்குவதை வாளைக் காட்டி வாங்குவதற்கு ஒப்பிட்டு உலமாக்கள் எச்சரித்திருக்கிறார்கள். "வீட்டுக்கு ஒன்று கட்டாயம்" என்று நாம் அறிவிக்கும்போது, மனம் ஒப்பிக் கொண்டுவருபவர் எத்தனை பேர், நாலு பேர் என்ன சொல்வார்களோ என்று கடன் வாங்கிக் கொண்டுவருபவர் எத்தனை பேர் என்று நமக்குத் தெரியாது.

பண்டாரி வைத்து நடத்தும் விருந்துக்கும் எச்சரிக்கை உண்டு. செல்வர்களை அழைத்து ஏழைகளை விட்டுவிடும் வலீமா உணவு மிகக் கெட்ட உணவு என்ற நபிமொழியை நாம் எத்தனையோ பயானில் கேட்டிருக்கிறோம். அழைத்துவிட்டுக் கடைசிப் பந்தியில் கறியில்லாமல் உட்காரவைப்பதும் அதற்கு வெகு தூரத்தில் இல்லை.

முடிவு செய்யும் முன் கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள்

1. எத்தனை பேர்?

ஐம்பது அறுபது பேர் வரை என்றால் கூட்டாஞ்சோறு நன்றாக நடக்கும். அதற்கு மேல் போனால் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் வருவது எல்லாருக்கும் எட்டாது. முன்னால் வந்தவருக்கு வறுவல், பின்னால் வந்தவருக்கு வெறும் குழம்பு என்றாகிவிடும். நூறைத் தாண்டினால் ஒரே சட்டிச் சோறுதான் எல்லாருக்கும் ஒரே மாதிரி கிடைக்கும்.

2. யாருடைய பணம்?

இது அமானத் சம்பந்தப்பட்டது. ஜகாத் பணத்தைப் பொது விருந்துக்குத் தொடவே கூடாது. அது உரியவர்களின் கையில் போய்ச் சேர வேண்டியது. வசதியுள்ளவர்களும் உட்கார்ந்து சாப்பிடும் பந்தியில் அதைச் செலவிட முடியாது. கல்விக்கு, மருத்துவத்துக்கு என்று குறிப்பிட்டுத் தந்த நன்கொடையும் அப்படியே. விருந்துக்கென்றே தனியாகத் தரப்பட்ட தொகையிலிருந்துதான் விருந்து நடக்க வேண்டும். அது போதாதென்றால் விருந்தைச் சிறிதாக்க வேண்டுமே தவிர, வேறு கணக்கில் கைவைக்கக் கூடாது.

3. எந்த நேரம்?

ஷவ்வாலில் ஆறு நோன்பு வைப்பவர்கள் நம்மில் பலர். பகல் விருந்து வைத்தால் அவர்கள் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும், அல்லது வராமலிருக்க வேண்டும். மஃரிபுக்குப் பிறகு வைத்தால் அவர்களுக்கு நோன்பு திறக்கவும் வசதி. ஆனால் இரவு விருந்துக்கு வீட்டில் மதியமே ஆக்கிவைத்தால் சாப்பாடு பல மணி நேரம் ஆறிக்கிடக்கும். அதன் ஆபத்தைக் கீழே சொல்கிறோம்.

4. ஹலாலுக்கு யார் பொறுப்பு?

நம் வீடுகளிலிருந்து வருவதில் கேள்வியில்லை. கேட்டரிங் என்றால் கறி எந்தக் கடையில் வாங்கப்படுகிறது, யார் அறுத்தது என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். கறியை நாமே வாங்கிக் கொடுத்துவிடுவது இன்னும் நல்லது. கேட்பதற்குச் சங்கடப்பட வேண்டியதில்லை. நாணயமாகத் தொழில் செய்பவர் கேள்விக்குக் கோபப்பட மாட்டார்.

5. வேலை யார் தலையில்?

செயற்குழுவில் கூட்டாஞ்சோறு என்று கையைத் தூக்கியவர்கள் எல்லாரும் ஆண்கள். அடுப்படியில் நின்றவர்கள் எல்லாரும் பெண்கள். பெருநாள் முழுக்கச் சமைத்துக் களைத்தவர்களுக்கு ஒன்றுகூடலும் இன்னொரு சமையல் நாளாகிவிட்டது. இதை எங்களிடம் நேரடியாகச் சொன்ன சகோதரிகளுக்கு நன்றி. இனி சாப்பாடு பற்றிய முடிவை மகளிர் குழுவைக் கேட்காமல் எடுப்பதில்லை என்று தீர்மானம் போட்டிருக்கிறோம்.

சாப்பாடு கெடுவது எப்படி?

நம் ஊர் வெயிலில் இதைத் தெரிந்துகொள்வது மிக அவசியம். சமைத்த உணவில் கிருமிகள் வேகமாகப் பெருகுவது 5 டிகிரிக்கும் 60 டிகிரி செல்சியஸுக்கும் இடையில். கையை வைத்தால் பொறுக்க முடியாத சூடாக இருக்க வேண்டும், அல்லது ஃபிரிட்ஜ் குளிர்ச்சியில் இருக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவில், வெதுவெதுப்பாக, 2 மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. வெயில் கடுமையாக அடிக்கும் நாளில் ஒரு மணி நேரம்தான் கணக்கு.

சோறு சைவம்தானே, அதற்கென்ன என்று நினைக்க வேண்டாம். அரிசியில் இயல்பாகவே இருக்கும் ஒரு வகைக் கிருமியின் வித்து, கொதிக்கிற உலையிலும் சாகாது. சோறு ஆறி வெதுவெதுப்பாகக் கிடக்கும்போது அது முளைத்துப் பெருகி நஞ்சை விடும். அந்த நஞ்சு மறுபடி சூடு பண்ணினாலும் போகாது. வாந்தி, வயிற்றுப்போக்கு வருவது இதனால்தான். மூடி போட்டுத் தம்மில் சூடாக இருக்கும் சட்டி பாதுகாப்பானது. அதே சோற்றை மதியமே டிபன் கேரியரில் அடைத்து இரவு திறப்பது பாதுகாப்பல்ல.

தேங்காய்ப் பால், பால், முட்டை சேர்ந்தவை, மயோனைஸ் போன்றவை இன்னும் சீக்கிரம் கெடும். வட்டலப்பம், கடல்பாசி, பிர்னி ஆகியவற்றைப் பரிமாறும் வரை ஃபிரிட்ஜிலோ ஐஸ் பெட்டியிலோ வைத்திருக்க வேண்டும். ஊறுகாய், வடை, முறுக்கு, பேரீச்சம்பழம், பழங்கள் தூரத்திலிருந்து கொண்டுவர ஏற்றவை.

பண்டாரியிடம் பேசும்போது

ஒப்பந்தம் இரண்டு வகை. இலைக்கு இவ்வளவு என்று முழுவதையும் ஒப்படைப்பது ஒன்று. அரிசி, கறி, நெய், மளிகை, விறகு எல்லாம் நாம் வாங்கிக் கொடுத்து, பண்டாரிக்குச் சமையல் கூலி மட்டும் கொடுப்பது இன்னொன்று. இரண்டாவதில் செலவு பெரும்பாலும் குறையும், கறி பற்றிய சந்தேகமும் இராது. ஆனால் காலையில் கறிக்கடையில் நிற்கவும் சாமானைப் பொறுப்பாகப் பார்த்துக்கொள்ளவும் இரண்டு பேராவது வேண்டும்.

அளவுக் கணக்கு இது: ஒரு கிலோ சீரகச் சம்பா அரிசிக்கு ஒரு கிலோ கறி போட்டால் 8 முதல் 10 பெரியவர்கள் சாப்பிடலாம். சின்னப் பிள்ளைகள் இருவரை ஒரு பெரியவராக எண்ணலாம். 120 பெரியவர்கள், 40 பிள்ளைகள் என்றால் 140 பேர் கணக்கு. கிலோவுக்கு 9 பேர் என்று வைத்தால் 16 கிலோ அரிசி, 16 கிலோ கறி. ஒரு கிலோ அரிசிக்கு ஆகும் மொத்தச் செலவையும் கூட்டி 9-ஆல் வகுத்தால் தலைக்கு எவ்வளவு என்று தெரிந்துவிடும். கேட்டரிங் காரர் சொல்லும் இலை விலையை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

பேசியதைத் தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். கடன் கொடுக்கல் வாங்கலையே எழுதிவைக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது. எழுத வேண்டியவை: எத்தனை பேருக்கு, என்னென்ன பதார்த்தம், எத்தனை கிலோ கறி, எத்தனை மணிக்குச் சட்டி தயாராக வேண்டும், பரிமாற ஆள் உண்டா, பாத்திரம் கழுவுவது யார், முன்பணம் எவ்வளவு, எண்ணிக்கை கூடினாலோ குறைந்தாலோ என்ன கணக்கு, வரி தனியா உள்ளடக்கமா. கேட்டரிங் நிறுவனம் என்றால் உணவுப் பாதுகாப்புத் துறை தரும் 14 இலக்கப் பதிவு எண்ணையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

கறியைச் சட்டி திறந்தவுடனே இரண்டாகப் பிரித்து, பெண்கள் பக்கத்துக்கு உரியதை முதலிலேயே அனுப்பிவிட வேண்டும். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் பந்தி ஆரம்பிக்க வேண்டும். இடம் போதாது என்றால் பெண்களும் பிள்ளைகளும் முதலில் சாப்பிடட்டும். பரிமாறுகிறவர் கடைசியில் அருந்த வேண்டும் என்பது நபிவழி. ஆகவே செயற்குழுவினர் கடைசியாகத்தான் உட்கார வேண்டும். கறி தீர்ந்தால் அது நம் தட்டில் தீரட்டும்.

கூட்டாஞ்சோறு வைக்கும்போது

சிறிய கூட்டத்துக்கு அது நல்ல முறை என்பதில் எங்களுக்கு மாற்றுக் கருத்தில்லை. சில ஏற்பாடுகள் வேண்டும், அவ்வளவுதான்.

முதலில், ஒருவர் பட்டியல் போட வேண்டும். சோறு இத்தனை வீடு, குழம்பு இத்தனை வீடு, இனிப்பு இத்தனை வீடு என்று பிரித்தால் பாதி வீடு நெய்ச்சோறு கொண்டுவரும் நிலை வராது. பட்டியலில் விலை குறைந்தவையும் இருக்க வேண்டும். எலுமிச்சை, வெங்காயம், உப்பு, தண்ணீர்க் கேன், பாய் விரிப்பது, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது, கடைசியில் கூட்டிப் பெருக்குவது எல்லாமே பங்குதான். இவற்றை வசதியுள்ள வீடுகள் முதலில் எடுத்துக்கொண்டால், மற்றவர்கள் எடுப்பதில் கூச்சம் இருக்காது. செயலாளர் வீடு எலுமிச்சை கொண்டுவந்தால் அடுத்த வீடு உப்பு கொண்டுவரத் தயங்காது.

அடுத்து, கொண்டுவந்ததை வீட்டுப் பாத்திரத்தோடு மேசையில் வைக்கக் கூடாது. உள் அறையில் வாங்கிப் பொதுப் பாத்திரங்களுக்கு மாற்ற வேண்டும். ஒரே வகையான குழம்பாக இருந்தால் கலந்துவிடலாம். சஹனில் நாலைந்து பேர் சேர்ந்து சாப்பிடும் வழக்கம் காயல்பட்டினம், கீழக்கரை போன்ற ஊர்களில் இன்றும் உண்டு. அப்படி ஒரு சஹனில் எல்லா வீட்டுப் பதார்த்தமும் கொஞ்சம் கொஞ்சம் வைத்துவிட்டால் யாருடையது என்ற பேச்சே எழாது. பாத்திரம் திரும்பப் போக, பெயரை அடிப்பக்கத்தில் ஒட்டினால் போதும். நிலக்கடலை, முந்திரி, முட்டை ஒத்துக்கொள்ளாத பிள்ளைகள் இருப்பதால் அவை சேர்ந்த பதார்த்தத்தின் முன்னால் ஒரு சீட்டு வைக்க வேண்டும்.

அண்டை வீட்டார் தரும் ஆட்டுக் குளம்பைக்கூட அற்பமாக எண்ண வேண்டாம் என்று நபி (ஸல்) அவர்கள் பெண்களிடம் சொன்னார்கள். கொடுப்பவருக்கும் அது ஆறுதல், வாங்குபவருக்கும் அது பாடம். அன்று தொடப்படாமல் போன அந்தக் கேசரிக் கிண்ணத்தை நினைக்கும்போது இந்தப் பாடத்தில் நாம் தவறியவர்கள் என்றே தோன்றுகிறது.

நம் ஊரில் ஏற்கெனவே உள்ள வழி

யோசித்துப் பார்த்தால் இதற்கு விடை நம் பள்ளிவாசலிலேயே இருக்கிறது. ரமளானில் நோன்புக் கஞ்சி எப்படி நடக்கிறது? கஞ்சி பள்ளியில் ஒரே சட்டியில் காய்ச்சப்படுகிறது. ஒரு நாள் செலவை ஒரு வீடு ஏற்கிறது, சில நாள் பல பேர் சேர்ந்து ஏற்கிறார்கள். முடிந்த வீடுகள் வடை, சம்சா, பழம், கடல்பாசி என்று அனுப்புகின்றன. முடியாத வீட்டுப் பிள்ளையும் அதே வரிசையில் தூக்கோடு நின்று அதே கஞ்சியை வாங்கிப் போகிறது. செலவைக் கொடுத்தவர் வீட்டுக்கும் கொடுக்காதவர் வீட்டுக்கும் அகப்பை ஒன்றுதான். எந்தப் பிள்ளையும் அந்த வரிசையில் நிற்கக் கூச்சப்பட்டதை நாங்கள் பார்த்ததில்லை.

ஆகவே இந்த வருட ஒன்றுகூடலுக்கு மகளிர் குழுவோடு கலந்து இப்படித் தீர்மானித்திருக்கிறோம்.

பிரியாணியும் தாளிச்சாவும் பண்டாரி வைத்து ஒரே இடத்தில் ஆக்கப்படும். சாமான் நாமே வாங்குவோம். செலவுக்கு அறக்கட்டளை அலுவலகத்தில் ஒரு பெட்டி வைக்கப்படும். பெயர் எழுதாத உறையில் விரும்பியதைப் போடலாம், போடாமலும் இருக்கலாம். யார் போட்டார், எவ்வளவு போட்டார் என்ற பட்டியல் இருக்காது. மொத்த வரவும் செலவும் மட்டும் அடுத்த இதழில் வெளிவரும்.

வீட்டிலிருந்து கொண்டுவருவது முழுக்க விருப்பம். ஆறினாலும் கெடாதவை மட்டும் போதும்: பழம், பேரீச்சை, வடை, ஊறுகாய், பச்சடிக்கு வெங்காயம். எல்லாம் பொதுத் தட்டில் மாற்றப்படும்.

இனிப்பை வெளிக்கடையில் வாங்கப் போவதில்லை. உதவித்தொகை பெறும் சகோதரிகளில் கைப்பக்குவம் உள்ளவர்கள் பலர் இருக்கிறார்கள். ரொட்டி அல்வா, வட்டலப்பம் ஆகியவற்றை அவர்களிடம் சந்தை விலைக்கே ஆர்டர் கொடுத்து, பணத்தை முன்கூட்டியே தந்துவிடுவோம். இது உதவி அல்ல, வியாபாரம். பேரம் பேசக் கூடாது என்று பொருளாளரிடம் சொல்லியிருக்கிறோம். உங்கள் வீட்டு விசேஷங்களுக்கும் அவர்களிடம் ஆர்டர் கொடுக்க விரும்பினால் மகளிர் குழுவைத் தொடர்பு கொள்ளுங்கள்.

படுக்கையில் இருப்பவர்கள், வர முடியாத முதியவர்கள், இத்தாவில் இருக்கும் சகோதரிகள் ஆகியோருக்கான பங்கு, சட்டி திறந்ததும் முதலில் எடுத்துவைக்கப்படும். பந்தி முடிந்து மிஞ்சியதை அவர்களுக்கு அனுப்பும் வழக்கம் இனி வேண்டாம். முதல் பந்தி உட்காரும் நேரத்தில் அது அவர்கள் வீட்டுக் கதவைத் தட்டியிருக்க வேண்டும். அதன் பிறகும் மிஞ்சினால் எங்கே அனுப்புவது, யார் வண்டி ஓட்டுவது என்று இப்போதே முடிவாகிவிட்டது. உண்ணுங்கள், பருகுங்கள், வீண் செய்யாதீர்கள் என்ற கருத்து சூரத்துல் அஃராஃபின் 31-ஆம் வசனத்தில் வருகிறது. விருந்து முடிந்த பிறகு வீணானதை எண்ணி வருந்துவதைவிட, எத்தனை பேர் வருவார்கள் என்று முன்னரே சரியாகச் சொல்வது அந்த வசனத்துக்குக் கொடுக்கும் மரியாதை.

அதனால் உங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டிலிருந்து பெரியவர் எத்தனை, பிள்ளைகள் எத்தனை என்பதை வரும் ஜும்ஆவுக்குப் பிறகு அலுவலகத்தில் சொல்லிவிடுங்கள். பெண்கள் மகளிர் குழுவிடம் சொல்லலாம். எண்ணிக்கை மட்டும்தான் கேட்போம். என்ன கொண்டுவருகிறீர்கள் என்று யாரும் கேட்க மாட்டார்கள். அப்படி யாராவது கேட்டால் எங்களிடம் சொல்லுங்கள்.

இந்த ஏற்பாட்டிலும் குறைகள் இருக்கக்கூடும். கண்ணில் பட்டால் பந்தியிலேயே சொல்லுங்கள், திருத்திக்கொள்வோம். போன தடவை கையில் ஒன்றும் இல்லை என்பதற்காக வராமல் இருந்த குடும்பங்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. நீங்கள் வெறும் கையோடு வாருங்கள், பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வாருங்கள். நீங்கள் வராமல் நாங்கள் சாப்பிட்ட அந்தச் சாப்பாடு எங்களுக்கு நிறைவாக இல்லை.

நம் உணவில் அல்லாஹ் பரகத் செய்வானாக. ஒருவர் மனம் நோக இன்னொருவர் வயிறு நிறையும் நிலையிலிருந்து நம் எல்லாரையும் காப்பானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.
செயலாளர், செயற்குழு சார்பில்